வாயில் எதுவும் வைக்கக் கூடாது

யாழினி இப்போது நன்றாக இருக்கிறாள். நான் இதை எழுதுகிற நேரத்தில் பக்கத்து அறைக் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படிக்கிறவர்களையும் அந்தப் பயத்தில் உட்கார வைக்க எனக்கு விருப்பமில்லை. கோபம் தணிந்தபிறகு எழுதலாம் என்றுதான் தள்ளிப்போட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, தணிகிற மாதிரி தெரியவில்லை. அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என்மேல்தான் என்பதால், தணியும் என்று காத்திருப்பதிலும் அர்த்தமில்லை.

நாங்கள் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், குடியிருக்கிறோம். என் கணவர் முருகவேல் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் செம்மங்குப்பத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் வேலை செய்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முதலுதவியாளர் உண்டு. லேபுக்கு நான். வருடத்துக்கு ஒருமுறை வகுப்பு, கடைசியில் ஒரு சின்னப் பரீட்சை. கண்ணில் ஆசிட் தெறித்தால் என்ன செய்வது, வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாம் கேட்பார்கள். வலிப்புக்கும் ஒரு கேள்வி இருந்தது. 'வலிப்பு வந்தவர் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. சரியா, தவறா?' சரி என்று டிக் அடித்தவள் நான். வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கி, நோட்டீஸ் போர்டில் என் போட்டோவும் பெயரும் ஏறியது. கலைச்செல்வி, முதலுதவியாளர்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாழினிக்கு அப்போது மூன்று வயது எட்டு மாதம். காலையில் உடம்பு கொஞ்சம் சூடாக இருந்தது. காய்ச்சல் மருந்து ஒரு மூடி கொடுத்தேன், இறங்கிவிட்டது. பிச்சாவரத்தில் படகு ஏறப்போகிறோம் என்று ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தோம், அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். என் அண்ணன் ரமேஷ் காரோடு வந்துவிட்டான். அவன் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறான். என்னைவிட மூன்று வயது பெரியவன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. என் படிப்பு, கல்யாணம், பிரசவம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவன் அவன். கிளம்பலாமா வேண்டாமா என்று நான் யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. கிளம்பினோம்.

படகிலேயே அவள் என் மடியில் சுருண்டுவிட்டாள். சுரபுன்னை மரங்களுக்குள் படகு நுழைந்தபோது மற்ற குழந்தைகள் எல்லாம் கத்தின, இவள் கண்ணைத் திறக்கவில்லை. நெற்றியைத் தொட்டால் கொதித்தது. கரைக்கு வந்து கார் நின்ற மரத்தடிக்குப் போவதற்குள் என் தோளில் அவள் தலை ஒரு பக்கமாக வெட்டியது. கண் இரண்டும் மேலே ஏறி ஒரு மூலையில் நின்றன. உடம்பு பலகை மாதிரி விறைத்தது, பிறகு கையும் காலும் ஒரே கதியில் வெட்ட ஆரம்பித்தன. உதட்டோரம் நுரை. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

நான் அவளை மண்ணில் போட்டேன். போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், படுக்க வைக்கவில்லை.

எங்கிருந்து அத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியவில்லை. யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். ஒரு அம்மா வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டபடி கடைப் பக்கம் ஓடினார். இரண்டு ஆண்கள் காலை அமுக்கிப் பிடித்தார்கள். நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று ஒருவர் சொன்னதும், ரமேஷ் சாப்பாட்டுக் கூடையிலிருந்து எவர்சில்வர் ஸ்பூனை எடுத்து அவள் பல்லுக்கு நடுவே நெம்பினான். சத்தம் கேட்டது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்து, வாயில் ரத்தம் வந்தது.

என் கணவர் மட்டும் நான்கு அடி தள்ளி நின்று நூற்றியெட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பேசியவர் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார், இவர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"ஒருக்களிச்சிப் படுக்க வெக்கச் சொல்றாங்க. வாயில எதும் வெக்காதீங்கன்றாங்க. காலப் புடிக்காதீங்க, தானா ஆடட்டும். வண்டி வந்துட்டே இருக்குதாம், அங்கயே இருக்கச் சொல்றாங்க."

யாரும் கேட்கவில்லை. நான் கேட்காததுதான் பெரிது. அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் எனக்குப் பரீட்சையில் வந்த வரி. "போன வெச்சிட்டு வந்து புள்ளையப் பாருங்க" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் சிக்னல் தேடி இன்னும் தள்ளிப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையின் வாயில் ரத்தமும் நுரையும். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த வாயில் ஊற்றினேன்.

ஏன் ஊற்றினேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கழுவிவிடலாம் என்று நினைத்தேனா, குடித்தால் தெளியும் என்று நினைத்தேனா, தெரியவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் ஊற்றியது. அவள் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வந்தது. ரமேஷ் என்னை நிமிர்ந்து பார்த்தான். பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கித் தூர எறிந்தான்.

வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவன்தான் முடிவு செய்தான். பிள்ளையை அள்ளிக்கொண்டு காரில் ஏறினோம். கிள்ளை ஊரைத் தாண்டியதும் எதிரில் ஆம்புலன்ஸ் சைரனோடு வந்தது. எங்களுக்காக வந்த வண்டி. "நிறுத்து மச்சான், நிறுத்து" என்றார் என் கணவர். "எறக்கி ஏத்தறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கே போயிடலாம் மச்சான்" என்று ரமேஷ் காரை அழுத்தினான். கண்ணாடிக்கு வெளியே அந்த வெள்ளை வண்டி எங்களைக் கடந்து, நாங்கள் இல்லாத இடத்துக்குப் போனது. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

சிதம்பரம் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்ட கிளினிக்கில் இறக்கினோம். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் இல்லை. உள்ளே இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கதவைச் சாத்தினான். மறுபடி ஏற்றினோம். அவள் வெட்டிக்கொண்டேதான் இருந்தாள். முதலில் இருந்த வேகம் இல்லை, விரலும் வாயோரமும் மட்டும் துடித்தன. அது குறைகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். மூளைக்குள் அது குறையவே இல்லை, உடம்புதான் களைத்திருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். பிள்ளையை வாங்கி ஒருக்களித்துப் போட்டு, உறிஞ்சும் குழாயால் வாயைச் சுத்தம் செய்து, ஆக்ஸிஜன் வைத்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, கையில் ஊசி போட்டு, எல்லாம் ஒன்றாக நடந்தது. நடுவில் எங்களைத் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும் என்றேன். ரமேஷ் பத்து நிமிடம் என்றான். இரண்டு பேரும் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தோம். என் கணவர் போனை எடுத்து, நூற்றியெட்டுக்குப் போட்ட நேரத்தைக் காட்டினார். மூன்று நாற்பத்தொன்று. சுவர்க் கடிகாரத்தில் நான்கு ஏழு. இருபத்தாறு நிமிடம்.

இரண்டாவது மருந்துக்குத்தான் நின்றது. உடம்பு தளர்ந்து, துணி மாதிரிக் கிடந்தாள். இறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். "தூங்குறா" என்றார் நர்ஸ்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு எங்களிடம் வந்தார். பல் எப்படி உடைந்தது என்று கேட்டார். ஸ்பூன் வைத்தேன் என்றான் ரமேஷ். நெஞ்சில் சத்தம் வருகிறது, தண்ணீர் ஏதாவது கொடுத்தீர்களா என்று அடுத்துக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. அந்த ஒரு நொடி இடைவெளியில் ரமேஷ் சொன்னான்.

"நான்தான் ஊத்துனேன் டாக்டர்."

என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. என் கணவர் திரும்பி அவனைப் பார்த்தார். "படிச்சவங்கதான கூட இருந்தீங்க?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு சொல்லிவிடலாம், இப்போது பிள்ளையைக் கவனிப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் 'பிறகு' ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போனது.

ஒன்பது நாள் இருந்தோம். முதல் நான்கு நாள் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒருவர் மட்டும் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் வெளியே நாற்காலி. இரும்பு நாற்காலிகள், நான்கு நான்காகச் சேர்த்துப் பற்றவைத்தவை, ஒருவர் எழுந்தால் மற்ற மூன்று பேரும் ஆடுவார்கள். உள்ளேயிருந்து யார் பெயரையாவது கூப்பிட்டால் அத்தனை பெற்றோரும் எழுந்து நிற்போம்.

மூன்றாம் நாள் குழந்தைகள் நலப் பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். வயதானவர், அவசரப்படாமல் பேசினார். இது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்தாறு வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும், மூளைக்குப் பாதிப்பு வைக்காது. ஐந்து நிமிடம் தாண்டினால் மட்டும் கதை வேறு. அப்புறம் தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். எவ்வளவு தாமதமோ அவ்வளவு மருந்து தேவைப்படும். அதனால்தான் எல்லா டாக்டரும் முதலில் மணியைக் கேட்கிறோம் என்றார்.

"அந்த மருந்து ஆம்புலன்ஸ்லயே இருந்திருக்கும்மா" என்றார் கடைசியில். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. என் கணவர் எழுந்து வெளியே போனார்.

வலிப்பு நின்ற மறுநாளே அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டிருந்தாள். வலிப்பால் நாங்கள் ஒன்பது நாள் இருக்கவில்லை. வாயில் ஊற்றிய தண்ணீர், ரத்தத்தோடும் நுரையோடும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிட்டது. வலிப்பில் இருக்கிறவருக்கு விழுங்கத் தெரியாது, தொண்டை வழி திறந்து கிடக்கும், ஊற்றுவது நேராக மூச்சுக்குழாயில் போகும். எக்ஸ்ரேவில் வலது பக்கம் கீழே வெள்ளையாகப் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. அதைக் காட்டியபோது நான் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். மூளை உறையில் கிருமி இருக்கிறதா என்று அதில்தான் தெரியுமாம். கையெழுத்துக் கேட்டார்கள். அதற்குள் என் கணவரின் அக்கா தமிழரசி வந்துவிட்டிருந்தார். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும், அவருக்குத் தெரிந்த ஒருவர் பிள்ளைக்கு அப்படித்தான் ஆனது என்றார். யார் அந்தப் பிள்ளை என்று கேட்டால் பெயர் தெரியாது. அரை நாள் போனது அந்தப் பேச்சில். கடைசியில் நானே போய்க் கையெழுத்துப் போட்டேன். எடுத்தார்கள், கிருமி இல்லை, மறுநாள் அவள் அதே காலால் நர்ஸை உதைத்தாள். தமிழரசி அண்ணி அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தாயத்துப் பேச்சை எடுத்தார்.

வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தண்ணீரைக் கண்டு பயந்ததால் வந்தது என்றார் ஒருவர். பெண் பிள்ளை, வெளியே சொல்லாதீர்கள் என்றார் இன்னொருவர். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை. ஒருவர்கூட, அடுத்த தடவை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை.

ரமேஷ் வார்டுக்குள் வரவே இல்லை. காலையில் கடலூரிலிருந்து இட்லியும், மதியம் ரசஞ்சோறும் வந்துவிடும். செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கார் பானட்டில் சாய்ந்து வார்டு பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். என் கணவர் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை ஒன்றும் போடவில்லை. 'மச்சான்' என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், 'உங்க அண்ணன்' என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்.

ஸ்பூன் அவன் வைத்தது. ஆம்புலன்ஸை நிறுத்தாததும் அவன். எங்களை ஒன்பது நாள் உட்கார வைத்தது என் கை. ஒரு நாள் கீழே இறங்கிப் போய் அவனிடம், அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "புள்ள வீட்டுக்கு வரட்டும் மொதல்ல" என்றான். நான் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே ஒன்றை எழுதிக் கொடுத்தார். வலிப்பை நிறுத்தும் மருந்து அதிலேயே இருக்கிறது, ஊசி தேவையில்லை. வலிப்பு வந்தால் பிள்ளையை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கழுத்துப் பொத்தானைத் தளர்த்த வேண்டும், மணி பார்க்க வேண்டும், வாயில் எதுவும் வைக்கக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், அவள் எடைக்குக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிற அளவு, இரண்டு மூக்குத் துளையிலும் பாதிப் பாதி. ஒரு காகிதத்தில் தமிழில் எழுதித் தந்தார். இவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கம்கூட வராது. இது தெரியாமல் ஒரு ஊரே சாவியோடு ஓடி வருகிறது. தெரிந்த நானும் பாட்டிலைத் திறந்தேன்.

அந்த ஸ்பிரே கடலூரில் கிடைக்கவில்லை. முதல் கடையில் சளிக்கு விடும் மூக்குச் சொட்டை எடுத்து நீட்டினார்கள். "மூக்குல அடிக்கிறதுன்னா சளிக்குதான மேடம்?" இரண்டாவது கடையில் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இது தூக்கத்துக்கான மருந்தாச்சே என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நான்காவது கடைக்காரர் ஆர்டர் போட்டார், பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் பிள்ளை தும்மினாலே ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு பள்ளிக்கூடம். ஒரு ஸ்பிரே அங்கேயும் இருக்கட்டும் என்று கேட்டேன். அந்தப் பொறுப்பெல்லாம் எடுக்க முடியாது என்றார்கள். டாக்டர் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள், கேட்டார்கள். வேறு பள்ளிக்கூடம் பார்க்கலாமே என்று மெதுவாக ஆரம்பித்தார்கள். நான்காவது முறை போனபோது, அவளுடைய வகுப்பு டீச்சர் வாசல் வரை என் பின்னால் வந்து, டாக்டர் தமிழில் எழுதித் தந்த அந்தக் காகிதத்தைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். "மருந்த அவ பையிலயே வெச்சிடுங்க. நான் பாத்துக்கறேன், யார்கிட்டயும் கேக்க வேணாம்" என்றார். அவரைப் பற்றி இதற்குமேல் எழுதினால் அவருக்குத் தொந்தரவு.

ஐந்து மாதம் ஒன்றும் வரவில்லை. யாழினிக்குக் காது குத்துவதைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தோம், அதைப் பேச ஒரு சனிக்கிழமை மதியம் தமிழரசி அண்ணி வந்தார். பிள்ளைக்கு முந்தைய நாளிலிருந்து சளி. பாயில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்தபிறகு அண்ணி விஷயத்துக்கு வந்தார். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்துக் குத்துவது. ஆனால் ரமேஷ் வேண்டாம், என் பெரியப்பா மகன் ஒருவனை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"பல்ல ஒடச்சி, தண்ணிய ஊத்தி, புள்ளைய சாவக் குடுக்கப் பாத்தவன் மடியிலயா ஒக்கார வெப்ப?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொல்றதும் சரிதான்" என்றார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணனே வேண்டாமென்று சொல்லிவிடுவான், பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒரு யோசனை என் தலையில் ஓடியது. அவ்வளவு கேவலமாக யோசித்தேன். யோசித்துக்கொண்டே பாயைப் பார்த்தபோது யாழினியின் கண் மூலையில் ஏறி நின்றிருந்தது.

இந்த முறை அவளை இடது பக்கம் திருப்பினேன். தலைக்குக் கீழே அவள் சட்டையை மடித்து வைத்தேன். "மணி" என்றேன். என் கணவர் போனைப் பார்த்து, "ரெண்டு பன்னெண்டு" என்றார், அப்படியே நூற்றியெட்டுக்குப் போட்டார். கைகால் வெட்டிக்கொண்டிருந்தது, நான் பிடிக்கவில்லை. அதைப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். உலகத்தில் எந்த அம்மாவுக்கும் அது வராது, பழக வேண்டியிருக்கிறது.

அண்ணி சமையலறைக்கு ஓடி டம்ளரில் தண்ணீரோடு வந்தார். குனிந்து அவள் வாயருகே கொண்டு போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். தண்ணீர் தரையில் கொட்டியது.

"ஊத்தாதீங்க அண்ணி. போன தடவ ஊத்துனது நான்தான். ரமேஷ் இல்ல. அதுலதான் அவளுக்கு நெஞ்சில சளி கட்டுச்சு."

அண்ணி டம்ளரோடு அப்படியே நின்றார். நான் என் கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பயமாக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழி சொல்லி முடித்த அவர் குரல் மட்டும் கேட்டது.

"மூணு நிமிஷம்."

சற்று நேரம் கழித்து, "நாலு."

ஐந்து என்றதும் ஸ்பிரேயின் மூடியைக் கழற்றி அவரே என் கையில் கொடுத்தார். எண்ணி எண்ணி இரண்டு மூக்குத் துளையிலும் அடித்தேன். வெட்டு மெல்ல இடைவெளி விட்டது, பிறகு இன்னும் நீண்ட இடைவெளி, பிறகு வரவில்லை. ஏழரை நிமிடம். மூச்சு சீராக இருந்தது, உதடு சிவந்தது. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்வரை நாங்கள் யாரும் அவளைத் தூக்கவில்லை, எங்கேயும் ஓடவில்லை.

வலிப்பு நிற்பதற்குள் அண்ணி சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டு, வீட்டுச் சாவியைப் பிள்ளை கையில் வைத்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. சாவி கொடுத்ததும் நின்றுவிட்டது என்று இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் மறுத்து மறுத்துப் பார்த்துவிட்டேன். மருந்து நிறுத்தியது என்று சொன்னால், சரி, மருந்தும்தான் என்கிறார்.

ஆம்புலன்ஸில் போகும்போது என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" அஞ்சு மாசம் அந்த மனுசன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலியே என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. பணியிலிருந்த டாக்டர் சின்ன வயது, களைத்திருந்தார். சிதம்பரத்து டிஸ்சார்ஜ் காகிதத்தைப் புரட்டி, எங்களிடம் சரிபார்த்துக்கொள்வதற்காகச் சில வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்தாறு நிமிடத்துக்கு மேல் நீடித்த வலிப்பு. வாயில் ஸ்பூன், பல் உடைவு. ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் காரில் கொண்டுவந்தது. வலிப்பின்போது தாய்மாமன் தண்ணீர் புகட்டியது.

"அது தப்பா இருக்கு டாக்டர். ஊத்துனது நான்."

"பரவாயில்லம்மா. அது யாரா இருந்தாலும் ட்ரீட்மென்ட்ல ஒண்ணும் மாறாது."

"மாறாதுதான். திருத்தி எழுதுங்க."

வேறு ஆஸ்பத்திரியின் காகிதத்தில் தான் கை வைக்க முடியாது என்றார். நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நின்றது, ஒருவர் சலித்துக்கொண்டார். டாக்டர் பெருமூச்சு விட்டு, எங்கள் புதிய சீட்டில் ஒரு வரி எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார். முந்தைய முறை தண்ணீர் கொடுத்தது தாய். ஆங்கிலத்தில் நான்கைந்து வார்த்தைதான். நான் இரண்டு முறை படித்தேன்.

வெளியே வந்தபோது ரமேஷ் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என் கணவர்தான் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஏதோ பேசி முடித்திருந்தார்கள் போல, என்ன பேசினார்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது. சீட்டை ரமேஷிடம் நீட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தான்.

"எதுக்கு கலை இதெல்லாம்? ஸ்பூன் வெச்சவன் நான்தான. ஆம்புலன்ஸ நிறுத்தாம வந்தவனும் நான்தான."

"அதெல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்குண்ணா" என்றேன். "இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

அவன் சீட்டை இரண்டாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, பிள்ளை எந்த வார்டு என்று கேட்டான். மாடிப்படி ஏறி, இந்த முறை உள்ளே வந்தான்.